கம்பிகளின் இலக்கணம்

நுழையும்முன்

எழுத்துகளை மட்டுமே நாம் படிப்பதாக எண்ணுகிறோம். சாலையோரப் பலகையின் சிவப்பு வட்டம், நிலவரைபடத்தின் நீலக்கோடு, எரிவளி உருளையின் மீதுள்ள எண் ஆகியவற்றையும் நாள்தோறும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மகிழுந்தின் உள்ளே ஓடும் மின்கம்பிகளும் அவ்வாறே படிக்கத்தக்கவை. அவற்றின் நிறமும் கீற்றும் எண்ணும் எழுத்தும் ஒரு மொழியாக அமைந்துள்ளன. அம்மொழிக்குச் சொல் உண்டு. சொல்லாக்க நெறி உண்டு. வட்டார வழக்கும் உண்டு. அதனைப் பிழையாகப் படித்தால் தேர்வில் மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை. வண்டி தீப்பற்றவும் கூடும். அந்த மொழியின் இலக்கணத்தை இப்பாடம் விளக்குகிறது.

கடைத்தெருவின் குறிகள்

வேலூர்க் கோட்டைக்கு அண்மையில் அமைந்த லாங் பஜார், பெயருக்கேற்ப நீண்ட கடைத்தெரு. தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அத்தெருவில் மூட்டைகள் இறங்கியவண்ணம் இருக்கும். மூட்டையின் மேல் மையால் இடப்பட்ட வணிகர் குறியைக் கண்டதும், அது எந்தக் கடைக்கு உரியது என்பதைச் சுமைதூக்கும் தொழிலாளர் அறிந்துகொள்வர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அக்குறியைப் படிப்பார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல்தொழில் வட்டாரத்திலும் குறியின் தேவை பெரிது. பதனிடும் தொழிற்கூடங்களில் தோலின் ஓரத்தில் எண்களைத் துளைக்குறியாக இடும் வழக்கம் உண்டு. சுண்ணாம்பு நீரிலும் சாயத்திலும் ஊறும்போது மையெழுத்து அழிந்துபோகும், துளை அழியாது. எந்தத் தொகுதியைச் சேர்ந்த தோல், எவருக்கு உரியது என்பதை இறுதிவரை அத்துளைகளே சொல்லும். கீழடி, கொடுமணல் முதலிய இடங்களில் கிடைத்த பானையோடுகளில் கீறல் குறியீடுகளைக் காண்கிறோம். பொருளின் மேல் அடையாளம் இடுதல் நம் மண்ணில் மிகப் பழைய வழக்கம் என்பதற்கு அவை சான்று.

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாக நன்னூல் பகுக்கின்றது. ‘மண்’ என்பது இடுகுறிப்பெயர். ‘நாற்காலி’ என்பது காரணப்பெயர். லாங் பஜார் என்பதும் நீளம் கருதி அமைந்த காரணப்பெயரே. குறிகளுக்கும் இப்பகுப்பு பொருந்தும். இடப்பக்க விளக்கிற்கு ‘இ’ என்று குறியிட்டால் அது காரணக்குறி. மின்னோட்டம் உள்ள கம்பிக்குப் பழுப்பு நிறம் கொடுத்தால் அது இடுகுறி. பழுப்பு நிறத்திற்கும் மின்னோட்டத்திற்கும் இயற்கையான தொடர்பு ஒன்றும் இல்லை. ஒரு கூட்டத்தார் ஒப்புக்கொண்ட உடன்பாடே அங்குப் பொருள் தருகிறது. உடன்பாடு மாறினால் பொருளும் மாறும். மகிழுந்தின் கம்பிகளைப் புரிந்துகொள்ள இக்கருத்து திறவுகோலாகும்.

ஒற்றைக் கம்பியும் உலோக உடலும்

வீட்டில் ஒரு விளக்கு எரிய, மின்னோட்டம் வருவதற்கு ஒரு கம்பியும் திரும்புவதற்கு ஒரு கம்பியும் வேண்டும். மகிழுந்தில் திரும்பும் வழிக்குப் பெரும்பாலும் தனிக்கம்பி நெடுந்தொலைவு செல்வதில்லை. வண்டியின் எஃகு உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்கின் ஒரு முனைக்குக் கம்பி வரும். மறுமுனை அருகிலுள்ள உலோகப் பகுதியில் திருகப்படும். இதனைப் பட்டறைகளில் ‘எர்த்’ என்பர். நாம் புவித்தொடுப்பு எனலாம்.

இம்முறையால் கம்பியின் நீளம் பெருமளவு குறைகிறது. அதே வேளையில் ஒரு பேரிடரும் சேர்கிறது. மின்னோட்டமுள்ள எந்தக் கம்பியின் உறை கிழிந்து உடலைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று உண்டாகும். வீட்டின் 230 வோல்ட்டோடு ஒப்பிட 12 வோல்ட் சிறிதே. ஆனால் மகிழுந்தின் பேட்டரி குறுக்குச்சுற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை வெளியிட வல்லது. அதனால் கையில் அதிர்ச்சி தாக்காது, கம்பி சிவக்கச் சூடேறும், உறை உருகும், அருகில் எண்ணெயோ பெட்ரோலோ இருந்தால் தீப்பற்றும்.

இன்றைய மகிழுந்து ஒன்றின் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஒரு கிலோமீட்டரையும் கடக்கும். அவை தனித்தனியே ஓடுவதில்லை. கட்டுகளாகச் சேர்ந்து, நாடா சுற்றப்பட்டு, கதவின் உள்ளும் இருக்கையின் அடியிலும் மறைந்து செல்கின்றன. அக்கட்டினை வயரிங் ஹார்னஸ் என்று வழங்குவர். கட்டின் ஒரு முனையில் நுழையும் கம்பி மறுமுனையில் எது என்று கண்டறிய வேண்டுமானால், ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாளம் இருந்தாக வேண்டும்.

பகுதியும் விகுதியும்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவியது. 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கிய அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றது. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டன் மரபில் வந்ததே. அந்நாட்டின் லூகாஸ் நிறுவனமும் நம் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., சென்னைப் பாடியில் வாகன மின்கருவிகளை உருவாக்கி வருகிறது. ஆகவே தமிழ்நாட்டுப் பட்டறைகள் முதலில் கற்ற கம்பிமொழி பிரிட்டன் மொழியே ஆகும். லூகாஸ் நிறுவனம் கையாண்ட அந்நிறமுறை பின்னர் பி.எஸ். ஏ.யு. 7 என்னும் பிரிட்டன் தரநிலையாக நிலைபெற்றது.

இம்முறையில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அடிநிறம் உண்டு. பல கம்பிகளில் அதன்மேல் மெல்லிய கோடாக வேறொரு நிறம் ஓடும். அதனைக் கீற்று என்போம். அடிநிறம், மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். கீற்று, அது எதற்காகச் செல்கிறது என்பதைச் சொல்லும். தமிழ்ச்சொல்லில் பகுதி அடிப்படைப் பொருளைத் தர, விகுதி அதனை வரையறுப்பது போன்றதே இது.

பழுப்பு, பேட்டரியிலிருந்து உருகி இன்றி நேரே வரும் கம்பி. அது எப்போதும் மின்னோட்டம் உடையது. அதே மின்னோட்டம் உருகியைக் கடந்தபின் செல்லும் கம்பி ஊதா. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்னோட்டம் பெறுவது வெள்ளை. அது உருகியைக் கடந்தபின் பச்சையாகிறது. முகப்பு விளக்கின் கம்பிகள் நீலம், பக்கவிளக்கு, பின்விளக்குக் கம்பிகள் சிவப்பு, புவித்தொடுப்பு கருப்பு.

இந்த ஏழு அடிநிறங்களை அறிந்தால் கீற்றுகளைப் படிப்பது எளிது. பச்சையில் சிவப்புக் கீற்று இடப்பக்கத் திசைகாட்டும் விளக்கைக் குறிக்கும். பச்சையில் வெள்ளைக் கீற்று வலப்பக்கத்தைக் குறிக்கும். பச்சையில் ஊதாக் கீற்று தடை விளக்கைக் குறிக்கும். மூன்றும் பச்சையாதலால், மூன்றும் சாவி திருப்பியபின் உருகி வழியே இயங்குவன என்பது சொல்லாமலே விளங்கும். நீலத்தில் வெள்ளைக் கீற்று உயர் ஒளிக்கும், நீலத்தில் சிவப்புக் கீற்று தாழ் ஒளிக்கும் உரியவை.

இங்கு ஒரு நயத்தைக் கருதுக. ஒரு வண்டியில் திசைகாட்டும் விளக்கு, தடை விளக்கு ஆகிய அனைத்தும் ஒருசேர நின்றுபோயின என்று கொள்வோம். கம்பிமொழி அறியாதவர் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிப் பார்ப்பார். அறிந்தவர், அவை எல்லாம் பச்சைக் குடும்பம் என்பதை நினைந்து, வெள்ளை பச்சையாக மாறும் இடத்திலுள்ள உருகியை முதலில் நோக்குவார். இலக்கணம் அறிந்தவர், தாம் முன்பு கேட்டிராத சொல்லின் பொருளையும் உய்த்துணர்வது போன்றது அது.

சுருக்கெழுத்தின் சிக்கல்

கம்பி வரைபடத்தில் நிறத்தின் முழுப்பெயரை எழுத இடமிராது, சுருக்கெழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் கருப்பு, நீலம், பழுப்பு ஆகிய மூன்றின் பெயர்களும் ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றன. இச்சிக்கலை ஒவ்வொரு மரபும் ஒவ்வொரு வகையில் தீர்த்தது. பிரிட்டன் முறை, கருப்பிற்கு முதலெழுத்தாகிய ‘பி’யைக் கொடுத்தது, நீலத்திற்கு அதன் பெயரின் இடையிலுள்ள ‘யு’வையும், பழுப்பிற்குக் கடையெழுத்தாகிய ‘என்’னையும் கொண்டது. ஜப்பானிய வரைபடங்கள் பலவற்றில் நீலத்திற்கு அதன் இரண்டாம் எழுத்தாகிய ‘எல்’ வழங்குகிறது. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60757 தரநிலை, ஒவ்வொரு நிறத்திற்கும் ஈரெழுத்துக் குறியை வகுத்து ஐயத்தை நீக்கியது.

தமிழில் இம்முயற்சியை மேற்கொண்டால் நமக்கும் இதே சிக்கல் எழும். கருப்பு, சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகியவை முதலெழுத்தால் வேறுபட்டு நிற்கின்றன. பச்சையும் பழுப்பும் ‘ப’ என்னும் ஒரே எழுத்தில் மோதுகின்றன. குறியீட்டை வகுப்பவர் அழகை நோக்குவதினும் மயக்கம் நேராமையை நோக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

எண்ணால் பேசும் முறை

ஜெர்மானியர் வேறொரு வழியை மேற்கொண்டனர். டி.ஐ.என். 72552 என்னும் தரநிலையில் அவர்கள் கம்பிக்கு அன்றி, அது சென்று சேரும் முனைக்கு எண் கொடுத்தனர். 30 என்பது பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேரே வருவது. 15 என்பது சாவியைத் திருப்பியபின் வருவது. 31 என்பது புவித்தொடுப்பு. 50 என்பது இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டாருக்கான கட்டளை. 53 கண்ணாடி துடைப்பானுக்கும், 54 தடை விளக்கிற்கும், 56 முகப்பு விளக்கிற்கும் உரியவை. 56ஏ உயர் ஒளி. 56பி தாழ் ஒளி.

எண்கள் இடுகுறிகளே. 30 என்ற எண்ணில் பேட்டரியின் சாயல் ஏதும் இல்லை. ஆயினும் இம்முறையிலும் காரணக்குறி உண்டு. திசைகாட்டும் விளக்குகளுக்கு ‘எல்’, ‘ஆர்’ என்னும் எழுத்துகள் வழங்குகின்றன. அவை ஜெர்மன் மொழியில் இடம், வலம் என்பவற்றின் முதலெழுத்துகள். ஆங்கிலத்திலும் அவ்வாறே அமைந்தது நல்வாய்ப்பு.

இவ்வெண்கள் ஜெர்மானிய வண்டிகளோடு நின்றுவிடவில்லை. நம் ஊர் உதிரிபாகக் கடையில் ரிலே ஒன்றை வாங்கி அதன் அடிப்பகுதியை நோக்குக. 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 85, 86 ஆகிய முனைகளுக்கு இடையே உள்ளே ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் சிறு மின்னோட்டம் பாயும்போது அது மின்காந்தமாகி, 30ஐயும் 87ஐயும் இணைக்கும். சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தை ஆளும் கருவி இது. ஒலிப்பானின் பொத்தானை விரலால் அழுத்தும்போது, பல வண்டிகளில் விரல் ஆள்வது இந்தச் சிறு மின்னோட்டத்தையே. ஐந்தாவதாக 87ஏ என்னும் முனை இருப்பின், ரிலே இயங்காத நிலையில் 30 அதனோடு இணைந்திருக்கும் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத தமிழ்நாட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஜெர்மானியர் வகுத்த எண்களைக் கொண்டே தம் பணியைச் செய்கிறார்.

ஒரே நிறம், இரு பொருள்

ஜெர்மானிய வண்டிகளில் நிறத்திற்கும் மரபுவழிப் பொருள் உண்டு. அதனைப் பிரிட்டன் முறையோடு அடுத்து வைத்து நோக்கும்போது வியப்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன.

பழுப்பு: பிரிட்டன் முறையில் எப்போதும் மின்னோட்டமுள்ள கம்பி, ஜெர்மானிய முறையில் புவித்தொடுப்பு.
கருப்பு: பிரிட்டன் முறையில் புவித்தொடுப்பு, ஜெர்மானிய முறையில் சாவி திருப்பியபின் மின்னோட்டம் பெறும் கம்பி.
சிவப்பு: பிரிட்டன் முறையில் பக்கவிளக்கு, பின்விளக்கு; ஜெர்மானிய முறையில் பேட்டரியின் நேர்முனைக் கம்பி.
வெள்ளை: பிரிட்டன் முறையில் சாவி திருப்பியபின் மின்னோட்டம் பெறும் கம்பி, ஜெர்மானிய முறையில் உயர் ஒளி.

பழுப்பும் கருப்பும் ஏறத்தாழ இடம் மாறி நிற்பதைக் காண்க. ஜெர்மானிய வண்டிகளில் மட்டும் பழகிய ஒருவர், பழைய அம்பாசிடரில் பழுப்புக் கம்பியைப் புவித்தொடுப்பு எனக் கருதி உடலோடு இணைத்தால் என்ன நேரும்? அக்கம்பி பேட்டரியிலிருந்து நேரே வருவது. இடையில் உருகி இல்லை. முழு மின்னோட்டமும் தடையின்றிப் பாய்ந்து கம்பி எரியும். மாறாக, பிரிட்டன் முறையில் பழகியவர் ஜெர்மானிய வண்டியின் பழுப்புக் கம்பியை மின்னோட்டமுள்ளதாக எண்ணி விளக்கோடு இணைத்தால், விளக்கு எரியாது, அவ்வளவே. ஒரே அறியாமை ஓரிடத்தில் சிறு ஏமாற்றமாகவும் மற்றோரிடத்தில் பெருந்தீயாகவும் முடிகிறது.

இதில் எந்த முறை சரி, எந்த முறை தவறு என்னும் வினா பொருந்தாது. இரண்டும் தத்தம் உடன்பாட்டிற்குள் சரியானவையே. ‘நாற்றம்’ என்னும் சொல் சங்க இலக்கியத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்றைய வழக்கில் தீய மணத்தைக் குறிக்கிறது. எந்தக் காலத்து வழக்கு என்று அறியாமல் பொருள் கொள்வது பிழையாவது போல, எந்த வண்டியின் வழக்கு என்று அறியாமல் நிறத்திற்குப் பொருள் கொள்வதும் பிழையாகும்.

நிறுவனந்தோறும் ஒரு வழக்கு

1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800, ஜப்பானிய வழக்கை நம் சாலைகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. அதன்பின் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், பெங்களூருவை அடுத்த பிடதியில் ஜப்பானின் டொயோட்டா, சென்னைக்கு அருகில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. எனத் தொழிற்சாலைகள் பெருகின. சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48 வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்கிறது. அச்சாலையோரத்துப் பட்டறை ஒன்றிற்கு ஒரே நாளில் மூன்று நாட்டு வழக்குகள் பழுதுநீக்க வந்து நிற்கக்கூடும்.

ஜப்பானிய மரபில் நிறங்களின் பொருள் நிறுவனந்தோறும் வேறுபடுகிறது. பல நிறுவனங்கள் புவித்தொடுப்பிற்குக் கருப்பைக் கொள்ள, டொயோட்டா வண்டிகளில் வெள்ளையில் கருப்புக் கீற்றுடைய கம்பி அப்பணியைச் செய்கிறது. இவ்விடத்தில் நினைவாற்றல் மட்டும் போதாது. அந்த வண்டிக்கு உரிய கம்பி வரைபடமே அகராதியாகிறது. வரைபடத்தில் முதலில் எழுதப்படுவது அடிநிறம், அடுத்து எழுதப்படுவது கீற்று என்பதை நினைவில் இருத்த வேண்டும். வெள்ளையில் கருப்பும் கருப்பில் வெள்ளையும் ஒன்றல்ல. சொற்களின் வரிசை மாறினால் பொருளும் மாறும்.

பருமனைச் சொல்லும் எண்

கம்பியின் நிறம் அதன் பணியைச் சொல்கிறது, ஆற்றலைச் சொல்வதில்லை. ஆற்றலை அறியப் பருமனைக் குறிக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். பிரிட்டன் மரபில் 14/0.30 என்று எழுதுவர். 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள 14 மெல்லிழைகள் சேர்ந்த கம்பி என்பது இதன் பொருள். ஓர் இழையின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மில்லிமீட்டர். 14 இழைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர். பிற மரபுகளில் குறுக்குப்பரப்பையே நேரடியாக 0.5, 0.75, 1.5, 2.5 என எழுதுவர்.

14/0.30 கம்பி தாங்கும் மின்னோட்டம் 8.75 ஆம்பியர் எனவும், 28/0.30 கம்பி தாங்குவது 17.5 ஆம்பியர் எனவும் கொள்வது வழக்கம். இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். முகப்பு விளக்குகள் இரண்டும் உயர் ஒளியில் 60 வாட் வீதம் 120 வாட் ஆற்றலை ஏற்கின்றன. அதனை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். இரண்டிற்கும் பொதுவான கம்பிக்கு 14/0.30 போதாது, 28/0.30 வேண்டும். இரவுப் பயணத்திற்குக் கூடுதல் ஒளி வேண்டும் என்று 100 வாட் விளக்குகளை மாட்டினால் மின்னோட்டம் ஏறத்தாழ 16.7 ஆம்பியர் ஆகிவிடும். கம்பி தன் எல்லையின் விளிம்பில் நின்று மணிக்கணக்கில் வேகும். நிறம் சரியாகவே இருந்தாலும் பருமன் பொருந்தாவிடில் இடர் நேரும்.

இந்தியாவில் வாகனக் கம்பிகளுக்கு ஐ.எஸ். 2465 என்னும் தரநிலை உண்டு. கம்பி வாங்கும்போது அதன் உறைமீதும் சுருளின் சீட்டிலும் அச்சிட்டுள்ள தரநிலை எண், பருமன், நிறுவனப் பெயர் ஆகியவற்றைப் படித்துப் பார்ப்பது நன்று.

உருகிகளின் நிறம்

கம்பிக்கும் உருகிக்கும் நிறத்தின் பொருள் வேறு. தட்டை வடிவ உருகிகளில் நிறம் ஆம்பியரைக் குறிக்கும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். கம்பிகளைப் போலன்றி இது பெரும்பாலான நாட்டு வண்டிகளுக்கும் பொதுவானது.

உருகி, கம்பியைக் காப்பதற்காக வைக்கப்படுவது. மிகுந்த மின்னோட்டம் பாயும்போது கம்பிக்கு முன்னரே உருகித் தன்னை அழித்துக்கொள்வது அதன் பணி. 10 ஆம்பியர் உருகி மீண்டும் மீண்டும் உருகுகிறது என்பதற்காக 30 ஆம்பியர் உருகியையோ செம்பு இழையையோ அவ்விடத்தில் வைத்தால், அதன்பின் கம்பியே உருகியாகும். உருகி அறிவித்த நோயை மறைத்ததாகுமே அன்றித் தீர்த்ததாகாது.

ஆரஞ்சு நிறத்தின் எச்சரிக்கை

நாடுகள் தத்தம் வழக்கை விடுத்து ஒன்றுபட்ட நிறம் ஒன்று உண்டு. மின்கார்களிலும் கலப்பு மின்வண்டிகளிலும் உயர்மின்னழுத்தக் கம்பிகளின் உறை ஆரஞ்சு நிறமாக இருத்தல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிமுறை எண் 100 வகுத்துள்ளது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 038 தரநிலையும் இதனையே வலியுறுத்துகிறது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டிற்கு மேற்பட்டது உயர்மின்னழுத்தமாகக் கொள்ளப்படும். மின்கார்களின் பேட்டரி பல நூறு வோல்ட் அழுத்தம் உடையது. தொட்டால் உயிர் போகும். 12 வோல்ட் வண்டியில் வெறுங்கையால் பணிசெய்து பழகியவருக்கு ஆரஞ்சு நிறம், ‘பயிற்சியும் காப்புக் கையுறையும் இன்றி அணுகாதே’ என்று சொல்கிறது.

2021இல் இராணிப்பேட்டையில் ஆம்பியர் மின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அம்மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் வாகனத் தொழிற்சாலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தோலால் பெயர்பெற்ற வட்டாரம் வாகனத்தாலும் பெயர்பெறத் தொடங்கும் இக்காலத்தில், இம்மொழியைக் கற்கும் தேவை இங்குள்ள இளைஞர்களுக்கு மிகுந்து வருகிறது.

அடுத்தவர் படிப்பதற்காக

குறியை நம்பலாம், அதனை மட்டுமே நம்பலாகாது. இயந்திரத்தின் வெம்மையில் ஊதா வெளிறிப்போகும். எண்ணெய் படிந்து வெள்ளை பழுப்பாகத் தோன்றும். முன்பு பழுதுநீக்கியவர் கையில் கிடைத்த நிறத்தை இணைத்துச் சென்றிருக்கலாம். ஆதலால் நிறத்தைக் கண்டு கருதியதைச் சோதனை விளக்காலோ மல்டிமீட்டராலோ உறுதிசெய்த பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும். பணி தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவைத்தல் முதல் ஒழுங்கு.

கம்பியை மாற்றுபவர் அதே நிறமும் அதே பருமனும் உடைய கம்பியை இடுதல் முறை. நிறம் கிடைக்காவிடில், இணைப்பின் இரு முனைகளிலும் உரிய நிறமுள்ள சிறு உறையைச் செருகலாம். சீட்டில் எழுதி ஒட்டலாம். கண்ணுக்குப் புலப்படாத கட்டின் உள்ளே, சிவப்பும் நீலமும் இருந்த இடத்தில் எல்லாம் மீதமிருந்த கருப்புக் கம்பியையே இட்டு நாடா சுற்றி மூடிவிட்டால், வண்டி அன்று ஓடும். வேலை முடிந்தது போலவே தோன்றும். ஆனால் அங்கு எழுதப்பட்டிருந்த வாக்கியத்தின் சொற்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஓராண்டு கழித்து, வேறோர் ஊரில், மழை பெய்யும் இரவில் அதே வண்டியைத் திறக்கும் மற்றொருவர் அதனைப் படிக்க முடியாமல் திகைப்பார். கருப்பெல்லாம் புவித்தொடுப்பு என்று அவர் கொள்ளவும் கூடும்.

ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து பெண் தொழிலாளர்கள் வேன்களிலும் பேருந்துகளிலும் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். அவர்களுள் எவரும் தம் இருக்கையின் அடியில் ஓடும் கம்பியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் பச்சைக்குப் பச்சையையே இணைத்தார் என்பதை நம்பியே அவர்கள் பயணம் செய்கின்றனர்.

தெரியுமா?

14/0.30 என்னும் குறி, முன்னாளில் 14/.012 என்று அங்குல அளவில் எழுதப்பட்டது. 0.012 அங்குலம் என்பது ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். அளவை முறை மாறியபோதும் கம்பி மாறவில்லை. அதன் பெயர் மட்டுமே மாறியது.

கற்பவை கற்றபின்...

1. நிறங்களுக்கான தமிழ்ச் சுருக்கெழுத்து முறை ஒன்றைக் குழுவாக வகுக்க. பச்சை, பழுப்பு ஆகியவற்றிற்கு இடையே மயக்கம் நேராத வழியைக் காரணத்துடன் கூறுக.
2. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் மூட்டை, பெட்டி, துணி ஆகியவற்றில் இடப்படும் குறிகளைத் திரட்டி, இடுகுறி, காரணக்குறி எனப் பகுத்துப் பட்டியலிடுக.
3. அருகிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை நேர்கண்டு, அவர் கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா
1. மகிழுந்தின் உலோக உடல் மின்சுற்றில் ஆற்றும் பணி யாது?
2. 28/0.30 என்னும் குறி உணர்த்தும் பொருள் யாது?

சிறுவினா
1. அடிநிறம், கீற்று ஆகியவற்றைப் பகுதி, விகுதியோடு ஒப்பிட்டு விளக்குக.
2. ‘அதன்பின் கம்பியே உருகியாகும்’ – இடஞ்சுட்டி விளக்குக.

நெடுவினா
ஒரே நிறம் வெவ்வேறு மரபுகளில் வெவ்வேறு பொருள் தருவதையும், அதனால் விளையும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் நெறிகளையும் தொகுத்து எழுதுக.